நாலாம் நம்பர் எங்கே?

வெளிநாட்டு டிரங்க் கால் இணைக்கும் கூடத்தில் ஏழாவது இணைப்புப் பலகை அவளுடையது. அதனால் அங்கே அவளுக்குப் பெயரே ஏழு. கடல்களுக்கு அப்பால், இன்னொரு கண்டத்தில், அதேபோன்ற நாலாம் நம்பர் பலகை முன்னால் நாலு உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு வருடப் பழக்கம். இருவருக்கும் நடுவில் ஒரு ஒயர், அரைகுறையாகத் தெரிந்த ஒரு பொது மொழி, அவ்வளவுதான். முகம் பார்த்ததே இல்லை.

"ஏழு பேசறேன். லைன்ல இருக்கியா நாலு?"

அந்தப் பக்கம் பென்சிலால் மூன்று தட்டு கேட்கும். "இருக்கேன் ஏழு. யாரு வேணும்?"

நம்பர் கிடைக்கும்வரை கதைதான். நாலின் மகளுக்கு அம்மை போட்டது, ஏழின் புதுச் செருப்பு கடித்தது, இரண்டு ஊர் மேலதிகாரிகளின் தலைகள், எல்லாம் அந்த ஒயரில் உருண்டன. ஏழின் கணவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர். "என்கிட்ட பேசறதைவிட அவகிட்டதான் அதிகம் பேசறே," என்று குறைபடுவார்.

"அவ பதில் சொல்றா. நீங்க உம் கொட்டறீங்க."

மனிதர் அதற்கும் உம் கொட்டுவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை தட்டல் கேட்கவில்லை. ஓர் ஆண்குரல் வந்தது. நாலு எங்கே என்று கேட்டதற்கு, "அப்படி யாரும் இங்கே இல்லை," என்றது. நாலு அங்கே தொழிற்சங்கம் ஆரம்பித்திருந்தாள். அந்த அரசாங்கத்துக்கு அது ஆகவில்லை என்பதும் ஏழுக்குத் தெரியும். சாயங்காலம் அங்கிருந்து வேறொரு பெண் கிசுகிசுத்தாள். "வீட்டுக்கே வண்டி வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. நேத்து ராத்திரி. எங்கே வச்சிருக்காங்கன்னு கேட்டா, அப்படி ஒருத்தியே கிடையாதுங்கறாங்க." அத்துடன் லைன் அறுந்துவிட்டது.

ஏழு கழிவறைக்குப் போய்ச் சத்தமில்லாமல் அழுதாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தபோது அழுகை போய்க் கோபம் வந்திருந்தது. ஏழு கோபத்தில் அழகாக இருக்கிறாள் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் காரியம் நடக்கும்.

விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். டிரங்க் காலை மறுக்கக் கூடாது, துண்டிக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எதிர்ப்பக்க ஆபரேட்டரிடம் ஒரு வார்த்தை கேட்கக் கூடாது என்று எங்கேயும் இல்லை. அவ்வளவு போதும் அவளுக்கு.

மறுநாள் அந்த நாட்டுக்கு லைன் கேட்ட முதல் ஆள் ஒரு கப்பல் கம்பெனிக்காரர். அவர் காதில் விழும்படியே ஏழு எதிர்ப்பக்கத்தைக் கேட்டாள். "நாலாம் நம்பர் எங்கே?" பதில் வரும்வரை காத்திருந்தாள். தெரியாது என்ற பதில் வந்த பிறகுதான் இணைத்தாள். மத்தியானத்துக்குள் கூடத்தில் இருந்த பதினோரு பெண்களும் அதையே கேட்க ஆரம்பித்தார்கள். மற்ற நாடுகளுக்குக் கால் போடும்போது அங்கிருந்த ஆபரேட்டர்களிடமும் விஷயத்தைச் சொன்னார்கள். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களும் நாள் முழுக்கக் காதால் பிழைக்கிறவர்கள்தானே. ஒரு குரல் காணாமல் போனால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாதா? வாரக் கடைசிக்குள் நான்கு கண்டங்களிலிருந்து அந்தத் தலைநகரத்துக்குப் போன ஒவ்வொரு காலுக்கு முன்னாலும் அந்தக் கேள்வி போனது. அந்த நாட்டு மந்திரி ஒருவரை வெளிநாட்டில் படிக்கும் அவருடைய மகன் கூப்பிட்டானாம். லைன் கிடைத்ததும் பையன் நலம்கூட விசாரிக்காமல், "அப்பா, யாருப்பா அந்த நாலாம் நம்பர்?" என்றானாம்.

இங்கே மேலதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஏழின் வேலைநீக்கக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கையிலேயே எடுத்து வந்தார்.

"இன்னொரு தடவை கேட்டா இதுல தேதி போட்டுடுவேன். வீட்டுக்குப் போயிட வேண்டியதுதான்."

"கேக்காம இருக்க முடியாது சார்."

"ஒழுங்கா எப்படிப் பேசணும்னு நான் காட்டறேன், நகரு!" என்று ஹெட்போனைப் பிடுங்கி மாட்டிக்கொண்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கத்து ஆண்குரல் முந்திக்கொண்டது. "அம்மா, அந்த நாலாம் நம்பரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. ஒரு நாளைக்கு முந்நூறு பேர் கேக்கறாங்க. என்னை விட்டுடுங்க!"

மேலதிகாரி விறைப்பாகத்தான் நின்றார். ஆனால் மீசை துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. கூடமே பார்த்துக்கொண்டிருக்க, மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டார். ஹெட்போனைத் திருப்பிக் கொடுக்கும்போது தொண்டையைச் செருமிக்கொண்டு, "தெரிஞ்சா எனக்கும் சொல்லு," என்றார். கடிதத்தில் கடைசிவரை தேதி விழவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலை, விளக்கு எரிந்தது. ஏழு ஒயரைச் சொருகினாள்.

டொக், டொக், டொக்.

"இருக்கேன் ஏழு. யாரு வேணும்?"

ஏழு அலறிய அலறலில் பதினோரு பெண்களும் எழுந்து ஓடிவந்தார்கள். இரண்டு நிமிடம் அந்த ஊரிலிருந்து வெளிநாட்டுக்கு ஒரு கால்கூடப் போகவில்லை. ஏழு என்னென்னவோ சொல்ல நினைத்து, விக்கி விக்கி அழுதுகொண்டே கப்பல் கம்பெனியின் நம்பரைச் சொன்னாள். நாலும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை இணைத்தாள்.

அந்த அசட்டுத்தனம் அவளை விடவே இல்லை. மூன்று வருடம் கழித்துச் சங்க மாநாட்டுக்கு நாலு நேரில் வருகிறாள் என்றதும், கணவரையும் இழுத்துக்கொண்டு விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்றாள். அந்தக் கம்பீரக் குரலுக்கு நெடுநெடுவென்ற உருவம்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனதில் பதிந்துபோயிருந்தது. அப்படி ஒருத்தி வெளியே வந்தாள். ஏழு பாய்ந்துபோய்க் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண் பாவம், தானும் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பெட்டியைத் தேடப் போனாள்.

"அவ இல்லை போலிருக்கே," என்றார் கணவர். அன்றைக்கு அப்போதுதான் வாய் திறந்தார்.

சற்றுத் தள்ளி, உருண்டையாகக் குள்ளமாக ஒருத்தி, விமான நிலையத்தைப் பெருக்கும் அம்மாவைக் கட்டிக்கொண்டு தேம்பிக்கொண்டிருந்தாள். ஏழுக்குச் சந்தேகம். இன்னொரு தடவை மானம் போக வேண்டாம் என்று, இருந்த இடத்திலேயே கண்ணை இறுக மூடிக்கொண்டு கத்தினாள்.

"ஏழு பேசறேன்! லைன்ல இருக்கியா நாலு?"

துடைப்பக் கட்டை தரையில் மூன்று தடவை இடித்தது.

"இருக்கேன் ஏழு. யாரு வேணும்?"

"நீதான்," என்றாள் ஏழு. "நீதான் வேணும்."