முதல் இரண்டு நிமிடம்

ஒலிப்பதிவின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் கேட்க வேண்டும். நடுவர்கள் மூவரும் மதிப்பெண் போட வேண்டும். சராசரி அறுபதைத் தொட்டால் அரசு நிதி. விண்ணப்பத்தில் பெயர் இருக்காது; எண் மட்டும். யாருடையது என்று தெரிந்துவிட்டால் உடனே சொல்ல வேண்டும். அந்த விண்ணப்பம் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். இதில் எதையும் வெளியே பேசுவதில்லை என்று வயலின் ஆசிரியர் மூன்று மாதம் முன்பே கையெழுத்துப் போட்டிருந்தார்.

அந்த வாரம்தான் அக்கா போன் செய்தாள்.

"டேய், இந்த நிதிக்கு எதைப் பார்ப்பாங்க?"

"நல்லா வாசிச்சு அனுப்பு. போதும்."

"வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா உனக்கு? இதுவும் கிடைக்கலைன்னா குழுவைக் கலைச்சிடுவேன். ஏழு பேரை இன்னும் எத்தனை நாள் பிடிச்சு வைக்கிறது?"

அவர் பேச்சை மாற்றினார்.

இன்று நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்கள். சத்தம் வராமலிருக்க ஜன்னல்களை அடைத்திருந்தார்கள். நீள மேசையில் ஒரு ஸ்பீக்கர். ஒரு பக்கம் அவரும் பேராசிரியையும், எதிரே நாடகக்காரர். மேசையின் ஒரு முனையில் அலுவலர், கையில் கடிகாரத்தோடு.

"முப்பத்தேழு" என்றார் அலுவலர்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு குழலில் வெறும் காற்று. சுரமில்லை. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்து.

அந்த மூச்சை அவருக்குத் தெரியும். பதினெட்டு வயதுவரை அதே மூச்சு கேட்கும் அறையில் தூங்கியவர்.

சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த ஆண்டு. திட்டத்துக்கு வயது வரம்பு நாற்பத்தைந்து. அக்காவுக்கு இப்போது நாற்பத்தைந்து.

அலுவலர் நிறுத்தினார்.

"அவ்வளவுதானா?" என்றார் நாடகக்காரர். "ஆஸ்துமாவுக்கும் நிதி குடுக்கிறோமா என்ன?"

பேராசிரியை சிரித்தபடி முப்பத்தைந்து போட்டார். நாடகக்காரர் முப்பது. வயலின் ஆசிரியர் தொண்ணூறு.

"இருபதுக்கு மேல வித்தியாசம் வந்தா காரணம் எழுதணும், சார்" என்றார் அலுவலர்.

அவர் தாளை இழுத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்த காரணமெல்லாம் நான்காவது நிமிடத்தில் இருந்தது. அக்கா வாசித்துப் பலமுறை கேட்டிருக்கிறார்; அங்கேதான் அந்த மூச்சு மெட்டாக மாறும். கேட்காததை எழுத முடியாது. 'மூச்சு தெளிவாகக் கேட்கிறது' என்று எழுதினார்.

அலுவலர் படித்தார். "இது நிறையா, குறையா சார்?"

"இன்னும் கொஞ்சம் போட்டுக் கேட்போமே."

"ஒருத்தருக்குப் போட்டா நூத்திப் பன்னிரண்டு பேருக்கும் போடணும். அப்புறம் நாம இங்கேயே பாயைப் போட்டுக்க வேண்டியதுதான்."

"நீங்க நூறே போட்டாலும் தேறாதுங்க" என்றார் பேராசிரியை மெதுவாக. "எதுக்கு மல்லுக்கட்டுறீங்க? தெரிஞ்சவங்களா?"

"இல்லை" என்றார்.

"அப்போ தொண்ணூறை அழிச்சு முப்பதுன்னு போடுங்க. அடுத்ததைக் கேட்போம்."

பேனாவை எடுத்தார். எண்ணின் மேல் கோடு போட்டார். பக்கத்தில் வேறு எண் எழுத வரவில்லை. பேனா அங்கேயே நின்றது. அவரையறியாமல் உதடு திறந்தது. அந்த மெட்டைப் பாடத் தொடங்கினார். முதலில் முனகலாக. ஏறும் இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. இறங்கி, சுழன்று, மறுபடி மூச்சாக முடித்தார்.



"அட" என்றார் நாடகக்காரர். தன் தாளை எடுத்து முப்பதை அடித்து எண்பது என்று எழுதினார். "இது எதுல வருது?"

"இதுலதான். நாலாவது நிமிஷத்துல."

பேராசிரியையும் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். வயலின் ஆசிரியரை நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பதிவை நாங்க ரெண்டு நிமிஷம்தான் கேட்டோம். நீங்க?"

அலுவலர் கை நீட்டி மூன்று தாள்களையும் வாங்கிக்கொண்டார். மேசையின் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். விண்ணப்ப எண். தேதி. அறிமுகம் அல்லது உறவு.

"இதை நிரப்பிட்டு வெளியே உட்காருங்க, சார். அடுத்த வருஷம் கண்டிப்பா முதல்லயே எடுத்துப்போம்" என்றார். குரலில் உண்மையாகவே கனிவு இருந்தது.

எண்ணை எழுதினார். தேதி எழுதினார். மூன்றாவது கட்டத்தில் 'அக்கா' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.