விளையாட்டில் அம்மா

என் மகனுக்கு என் அப்பாவின் பெயரை வைத்தோம். கோணாமலை. பெயரைக் கேட்டால் ஆறடி ஆள் ஒருவன் வந்து நிற்பான் என்று நினைப்பீர்கள். வந்து நிற்பவன் ஏழு வயதுப் பெடியன். இடுப்பில் துணிப்பொம்மை, கையில் மண்சோறு நிரப்பிய சிரட்டை. "அப்பா, சாப்பிடுங்கோ, ஆறப் போகுது" என்பான்.

நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். என்னோடு வேலை செய்கிறவர்களின் பெடியன்கள் தென்னை மட்டையில் துவக்குச் செய்து அன்புவழிபுரம் ஒழுங்கை முழுக்கச் சுட்டுத் தள்ளிக்கொண்டிருக்க, என்னுடையவன் பொம்மைக்குச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுச் சோமசேகரம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஆனந்தராசா, நீர் இப்பவே சீதனம் சேர்க்கத் தொடங்கும்" என்பான். சிரித்துச் சமாளிப்பேன். உள்ளே வந்து பெண்சாதியோடு பாய்வேன்.

அந்தப் பொம்மையைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான், இரத்தினேஸ்வரி.

"ஆம்பிளைப் பிள்ளையைப் பழுதாக்கிறாய்" என்று ஒருநாள் கத்தினேன்.

"பழுதாப் போகட்டும்" என்றாள். "துவக்குத் தூக்கிற பெடியளைத்தானே ஆமி, இயக்கம் எண்டு ரெண்டு பக்கமும் தேடுது. இவன் பொம்மையோட இருந்தா எனக்கு நித்திரை வரும்."

பெண்களுக்கு எல்லாவற்றுக்கும் பயம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பயப்படாமல் நின்றால் ஒருவனும் ஒன்றும் செய்ய ஏலாது என்பதற்கு நானே சாட்சி அல்லவா?

போன வருடம் துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்த கிழமை, ஆமிக்காரர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள். ஆண்களை எல்லாம் வெயிலில் வரிசையாக இருத்தி, முகத்தைச் சாக்கால் மூடிய, ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவனை முன்னால் கொண்டுவந்தார்கள். அவன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். ஏன் ஆட்டினான் என்று இன்றைக்கும் தெரியாது. ஆமிக் காம்புக்குக் கொண்டுபோய்ப் பதினோராம் நாள் விட்டார்கள். ஏன் விட்டார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் நான் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, சிங்களத்திலேயே பதில் சொன்னேன். இவன் நேர்மையான ஆள் என்று காம்புப் பெரியவனுக்கு விளங்கிவிட்டது. கள்ளுத் தவறணையிலும் கோயிலடியிலும் வீட்டிலும் இந்தக் கதையை நான் எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை. இரத்தினேஸ்வரி கேட்டுக்கொண்டே தேங்காய் துருவுவாள்.

ஒரு பௌர்ணமிப் போயா லீவன்று பின்னேரம் எனக்குப் பொறுமை போய்விட்டது. பொம்மையைப் பறித்து அலுமாரிக்கு மேலே எறிந்தேன். மகனை வேலிப் படலைக்கு வெளியே தள்ளி, "போய்ப் பெடியளோட விளையாடு. பொழுதுபட முன்னம் உள்ளுக்க வந்தியெண்டா கால் முறியும்" என்றேன். அவன் அழவில்லை. மண்ணை உதைத்துக்கொண்டு போனான். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஒழுங்கையில் சுற்றிவளைப்பு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. அந்த வருடம் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு விளையாட்டுத் தெரியாது. பெரிய பெடியன்கள் ஆமி. சின்னவர்கள் பிடிபடுகிறவர்கள். ஒருவன் சீனிச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு தலையாட்டுவான். பெட்டைகளுக்கு ஒரே ஒரு வேலைதான்: அம்மாவாகக் காம்பு வாசலில் நின்று அழ வேண்டும். அன்றைக்குப் பெட்டைகள் எல்லாரும் தண்ணீர் அள்ளப் போய்விட்டார்கள்.

"அழுறதுக்கு ஆளில்லையடா" என்றான் சோமசேகரத்தின் மூத்தவன். அவன்தான் ஆமிப் பெரியவன்.

"நான் அழுறன்."

என் மகனின் குரல். போட்டிருந்த சேட்டைக் கழற்றிச் சீலைத் தலைப்பைப் போலத் தோளில் போட்டுக்கொண்டான். பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் காம்பு வாசலுக்குப் போனான். அழத் தொடங்கினான். பெட்டைகள் அழுவது போல "ஐயோ ஐயோ" என்று நெஞ்சில் அடிக்கவில்லை. மெல்லிய குரலில், மூச்சு வாங்கி வாங்கி, "மாத்தயா, அவருக்கு ஒண்டும் தெரியாது மாத்தயா. கிரேன் வேலை மட்டுந்தான் மாத்தயா" என்றான். பெடியன்களின் சிரிப்பு நின்றது. சோமசேகரத்தின் மகன் காலால் தள்ளிவிட்டான். இவன் தவழ்ந்து வந்து அந்தக் காலையே பிடித்து, நெற்றியை மண்ணில் வைத்தான். "பிள்ளைக்கு அப்பா வேணும் மாத்தயா. நாளைக்கும் வருவன். அடிச்சாலும் வருவன்."

நான் எப்படிப் போனேன் என்று தெரியாது. தூக்கி நிறுத்திக் கன்னத்தில் ஓங்கி அறைந்தேன். "ஆம்பிளைப் பிள்ளை ஆரின்ர காலிலயும் விழுறதோடா?"

அவன் அழுகை பட்டென்று நின்றது. கன்னத்தைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. விளையாட்டு விளங்காத ஆளுக்குச் சொல்லிக் கொடுப்பது போலச் சொன்னான்.

"அப்பா, விழுந்தாத்தான் விடுவினம். அம்மா ஒவ்வொரு நாளும் விழுந்தவ. நான் சீலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."

தலையாட்டி சாக்கைக் கழற்றிவிட்டான். திரும்பினேன். படலையில் இரத்தினேஸ்வரி நின்றாள், ஈரக் கையோடு. எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"உண்மையோ?" என்றேன்.

"ஓம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நிமிர்ந்து நிண்டு வந்தனான் எண்டு நீங்கள் ஊரெல்லாம் கதைச்சுக்கொண்டு திரியேக்க, நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியாவது தப்பியிருப்பேன். வெட்கத்தில் தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

அவள் மகனைக் கிட்ட இழுத்து, அவன் நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைச் சீலைத் தலைப்பால் துடைத்தாள். அந்தப் பதினொரு நாளும் அவள் நெற்றி மண்ணை யார் துடைத்துவிட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். ஆறு வயதுப் பெடியன் ஒருவனைத் தவிர அவளோடு அங்கே வேறு ஆள் இருக்கவில்லை.