பன்னிரண்டு போல்ட்டு

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் அதிகாரி கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"சார், பின்னால இழுத்துட்டு வர்றீங்களே, அந்த வண்டிக்குப் பின்சுவரு எங்க?"

ஆம்ப்ரோஸ் சிரித்தார். சிராங்கூன் ரோட்டில் இருபத்தாறு வருடமாகப் புடவைக் கடை நடத்துகிறவர். சீருடை போட்டவர்கள் எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவைப்பது அவர் வழக்கம்.

"எல்லாம் இருக்கு சார். மகன் கல்யாணம், ஜொகூர்ல. சீர் சாமான் கொண்டு போறோம். வேணும்னா நீங்களே வந்து பாருங்க."

"நான் பாத்துட்டுத்தான் வர்றேன். நீங்க இறங்கிப் பாருங்க."

ஆம்ப்ரோஸ் வேட்டியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். ரிப்பன் கட்டிய பெஜோ காருக்குப் பின்னால், சக்கரம் வைத்த வீடு போன்ற வெள்ளை காரவன் ஒழுங்காகத்தான் நின்றது. பக்கச் சுவர் இருந்தது, நீலக் கோடு இருந்தது, ஜன்னலில் மனைவி ரோசம்மா தைத்துப் போட்ட பூப்போட்ட திரை இருந்தது. மூலையைத் திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே நின்றார்.

திரை தூக்கிய நாடகக் கொட்டகை மாதிரி வண்டி பின்பக்கமாகத் திறந்து கிடந்தது. அடுப்பு தெரிந்தது. மடிப்புக் கட்டில் தெரிந்தது. கட்டிலுக்கு மேலே ஆணியில் அவருடைய பனியன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வரிசையில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர்கள் அத்தனை பேரும் அந்தப் பனியனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவர் இருந்த இடத்தின் ஓரத்தில் கடித்த பிஸ்கட் போலப் பிளைவுட் நீட்டிக்கொண்டிருந்தது.

கையை நீட்டி, இல்லாத சுவரைத் தொட்டுப் பார்த்தார். காற்றுதான் பட்டது.

ரோசம்மா பின்னாலேயே ஓடி வந்தாள். "ஏங்க, பெட்டி?"

"சுவரே இல்லங்கிறேன். பெட்டி எதுல தொங்கும்?"

"ஐயோ மாதாவே, தாலி!"

அந்தப் பின்சுவரின் வெளிப்பக்கத்தில்தான் இரும்புப் பெட்டி மாட்டியிருந்தது. பெட்டிக்குள் தாலியும் கூறைப் புடவையும். பத்து மணிக்கு ஜொகூர் கோயிலில் ஃபாதர் இரண்டையும் மந்திரிக்க வேண்டும். இப்போது எட்டு இருபது. மாப்பிள்ளை எட்மண்ட் கோட்டு சூட்டோடு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி காரில் உட்கார்ந்திருந்தான், முகம் சவர நுரையின் நிறத்தில் இருந்தது.

பெண் வீட்டில் இறங்கி அவர்கள் உபசாரத்துக்குக் கட்டுப்படாமல், நம் கூரையோடு போய் நாமே இறங்க வேண்டும் என்பது ஆம்ப்ரோஸின் கௌரவம். அதற்காகத்தான், ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார இன்ஜினீயர் ஒருவரிடம் இந்தக் காரவனை வாங்கினார். உள்ளே நாலு பேர் படுத்தால் சாமானுக்கு இடமில்லை. அதனால் வெளியே ஒரு பெட்டி. ஜாலான் புசாரில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த தனசேகரனிடம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்.

தனசேகரன் பின்சுவரை விரலால் தட்டிப் பார்த்தான்.

"மொதலாளி, இது சுவரு இல்ல, தோலு. வெளிய அலுமினியத் தகடு, உள்ள பிளைவுட், நடுவுல விரல் தடிமன்ல கட்டை. பாரம் தாங்காது. கீழ வண்டியோட இரும்புச் சட்டத்துலேர்ந்து நாலு கை வெல்டு பண்ணி நீட்டி, பெட்டியை அதுமேல உக்கார வைக்கணும். சுவத்துல நாலு போல்ட்டு, அது சும்மா ஆடாம இருக்க."

"நாலு கையா? ரெண்டு போடு."

"நாலு வேணும் மொதலாளி."

"சரி, உனக்கும் வேணாம் எனக்கும் வேணாம், மூணு."

"மேசைக்கு எத்தனை காலுன்னு பேரம் பேசுவீங்களா?"

பேசியிருக்கிறார். மேசை வாங்கியபோது ஸ்டூலையும் சேர்த்து வாங்கியவர் அவர். யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் அதில் பாதிதான் உண்மை என்பதை ஆம்ப்ரோஸ் ஞானஸ்நானத்துக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்டிருந்தார். அவர் கடையிலேயே விலை நாற்பது வெள்ளி என்று சொல்லும் புடவை இருபத்திரண்டுக்குப் போகும். முதல் வாயில் உண்மை சொல்கிற மனிதன் ஒருவன் இருப்பான் என்று யாராவது சொல்லியிருந்தால், அவன் எந்த ஊர்க்காரன் என்று கேட்டிருப்பார்.

"கையே வேணாம்பா. வண்டிக்கு எதுக்கு கை? அதுக்குப் பதிலா போல்ட்டைக் கூட்டு. எட்டுப் போடு."

தனசேகரன் பெருமூச்சு விட்டான். "எட்டு."

"கொசுறு?"

"என்னது?"

"காய்கறி வாங்கினா கறிவேப்பிலை குடுக்கிறான்ல? எட்டு போல்ட்டுக்கு நாலு கொசுறு. பன்னிரண்டாப் போடு. கல்யாணத்துக்கும் வந்துடு, பிரியாணி."

பத்து நாள் கழித்துப் பெட்டி தயாராக நின்றபோது ஆம்ப்ரோஸ் அதைப் பிடித்துத் தன் முழு எடையோடும் தொங்கிப் பார்த்தார். இம்மி அசையவில்லை.

"பெட்டி சுவத்தை விட்டு வராது மொதலாளி, அதுக்கு நான் கேரண்டி," என்றான் தனசேகரன்.

அந்த வாக்கியத்தில் அவன் எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருக்கிறான் என்பது, சுவரில்லாத வண்டியின் முன் நின்ற இந்த நிமிடத்தில்தான் ஆம்ப்ரோஸுக்கு உறைத்தது. பெட்டி சுவரை விடவில்லை. சுவர்தான் வண்டியை விட்டுவிட்டது. கௌரவத்துக்காக அவர் அதற்குள் ஏற்றிய பித்தளைத் தட்டுகளும், வெள்ளி மெழுகுத் தண்டுகளும், இரண்டு பெட்டி ஆரஞ்சு கிரஷும், அதற்கு மேல் பெட்டியின் இரும்பும். தோல் எத்தனை நேரம் தாங்கும்?

காரவனை ஓரமாக நிறுத்திவிட்டுப் போகலாமா என்று எட்மண்ட் கேட்டான்.

"விட்டுட்டுப் போங்க," என்றார் அதிகாரி. "யாரும் தொட மாட்டாங்க. உள்ள என்ன இருக்குன்னுதான் எல்லாருக்கும் தெரியுதே."

வந்த வழியே திரும்பினார்கள். ஆம்ப்ரோஸ் ஒரு பக்கச் சாக்கடையைப் பார்த்தார், ரோசம்மா மறுபக்கத்தைப் பார்த்தாள். அவள் உதடு ஜெபமாலை சொல்லிக்கொண்டே வந்தது, இடையிடையே புருஷனையும் சொன்னது.

"அருள் நிறைந்த மரியே… மூணு கையாம், மூணு கை… கர்த்தர் உம்முடனே…"

பன்னிரண்டாம் மைல் கட்டையைத் தாண்டியதும் சாலையோரத்தில், தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஒரு நாசி லெமாக் கடை. அதன் முன்னால் ஏழெட்டுப் பேர் ஒரு வெள்ளை மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை ஆள் நீளம் இருந்தது. நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. ஜன்னலில் அதே பூப்போட்ட திரை இருந்தது.

"என் திரை!" என்று கத்தினாள் ரோசம்மா.

சுவர் மல்லாந்து கிடக்க, அடியில் இரும்புப் பெட்டி அதைக் கால் போலத் தாங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு போல்ட்டும் வரிசையாகத் தலை காட்டின. ஒன்றின்மேல் யாரோ சம்பல் தட்டை வைத்திருந்தார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர் ஆம்ப்ரோஸைக் கண்டதும் கையை உதறிக்கொண்டு வந்தார். "நீங்கதானா? உங்களுக்குப் பின்னாடியே எத்தனை ஹார்ன் அடிச்சேன் லா! நீங்க கையை ஆட்டிட்டுப் போனீங்க!"

ஆட்டியதென்னவோ உண்மை. கல்யாணக் கார் என்று வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து, நன்றி சொல்லத்தான் ஆட்டினார்.

ஆம்ப்ரோஸுக்குப் போன உயிர் வந்தது. உயிர் வந்ததும் கூடவே வியாபாரியும் வந்துவிட்டார். கடைக்கார அம்மாவிடம் போய், "நம்ம சாமான்தான் தங்கச்சி. பத்திரமா வச்சிருந்ததுக்கு ஏதோ பாத்து…" என்று ஆரம்பித்தார். முதலில் ஐந்து சொல்ல வேண்டும், அவள் இருபது கேட்பாள், பத்தில் முடியும்.

கடைக்கார அம்மா ஜைனப் எதுவும் கேட்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மேசையின் மறுபக்கத்துக்கு அவரைக் கூட்டிப்போனாள். பெட்டியின் அடியில் எதுவோ நீலமாகத் தெரிந்தது.

"இது என் ஸ்டூல் அண்ணே."

மர ஸ்டூல். ரொட்டி போலத் தட்டையாகியிருந்தது. நாலு காலும் நாலு திக்கில் கிடந்தன.

"காலையில அஞ்சு மணிலேர்ந்து இதுலதான் உக்காந்திருப்பேன். வாழையிலை தீந்துடுச்சுன்னு எந்திரிச்சு உள்ள போனேன். இலையைக் கையில எடுத்தேன், சத்தம் கேட்டுச்சு." அவள் சாதாரணக் குரலில்தான் சொன்னாள். கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. "அவ்வளவுதான்."

ஆம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக அதற்குள் ஒரு எண்ணும் இல்லை. காலையிலிருந்து அவர் தேடியது தாலியை. தாலி கிடைத்துவிட்டது. ஆனால் கண் அந்த நீலத்தை விட்டு வர மறுத்தது.

"தங்கச்சி…" என்றார்.

"அல்லா காப்பாத்திட்டான். போங்கண்ணே, கல்யாணத்துக்கு நேரமாச்சு. எனக்கு ஒரு ஸ்டூல் மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

எல்லாருமாகச் சேர்ந்து சுவரைப் புரட்டினார்கள். பெட்டியின் மூடி உள்ளே நெளிந்து இறுகிப்போயிருந்தது. சாவி சுழன்றது, மூடி வரவில்லை. லாரிக்காரர் டயர் கழற்றும் கம்பியைக் கொடுத்து நெம்பினார். கம்பிதான் வளைந்தது. போல்ட்டைக் கழற்றிப் பெட்டியை மட்டும் எடுக்கலாமென்றால், பன்னிரண்டில் ஒன்றுகூட இடம் கொடுக்கவில்லை. மணி எட்டு ஐம்பத்தைந்து.

"ஏத்துங்க," என்றார் லாரிக்காரர். "நான் ஜொகூருக்குத்தான் போறேன். சுவரோடவே போவோம்."

சோதனைச் சாவடியில் அதே அதிகாரி லாரியை அண்ணாந்து பார்த்தார். "ஓ, சுவரு வந்துடுச்சா?" என்று மட்டும் கேட்டு முத்திரை குத்தினார்.

கோயில் வாசலில் அவர்கள் போய் இறங்கியபோது பத்தேகால். மாப்பிள்ளை வரும்வரை கூட்டத்தைப் பிடித்துவைக்க ஃபாதர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டிருந்தார். குடும்ப வாழ்க்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியதெல்லாம் தீர்ந்து, நோவா பேழை கட்டியதை விவரிக்கத் தொடங்கியிருந்தார். பெண்ணின் அப்பா அற்புதராஜ் வாசலில் வழிமேல் விழியாக நின்றவர், ஆறு பேர் தூக்கி வந்ததைப் பார்த்து ஒரு படி பின்வாங்கினார். ஜன்னல், திரை, சம்பல் கறை.

"சம்பந்தி… சீர் கொண்டு வருவீங்கன்னு சொன்னீங்க. சுவரு எதுக்கு?"

ஆம்ப்ரோஸ் கூட்டத்தில் தனசேகரனின் முகத்தைத் தேடினார். பிரியாணிக்காக முதல் பஸ்ஸிலேயே வந்திருந்த தனசேகரன் வெள்ளைச் சட்டையோடு முன்னால் வந்தான். சுவரைப் பார்த்தான். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தடவினான். ஆம்ப்ரோஸைப் பார்க்கவில்லை. கோயில் காவல்காரரிடம் ஒரு சுத்தியல் வாங்கி, கீலில் இருந்த இரண்டு ஊசிகளைக் கீழிருந்து தட்டினான். மூடி பின்பக்கமாகத் திறந்துகொண்டது.

ஆரஞ்சு வாசனை குப்பென்று வந்தது. ஒரு பாட்டில் உருப்படியாக இல்லை. கூறைப் புடவை கடைப் பிளாஸ்டிக் உறைக்குள் நனையாமல் இருந்தது. தாலி வைத்திருந்த டப்பா மட்டும் பிசுபிசுத்தது. தீர்த்தம் தெளித்து மந்திரித்தபோது ஃபாதரின் விரல் தாலியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மணப்பெண் பிரிஜட்டின் கழுத்தில் எட்மண்ட் தாலி கட்டும்வரை ஆம்ப்ரோஸ் மூச்சை முழுதாக விடவில்லை. கட்டிய பிறகும் பாதிதான் விட்டார்.

விருந்தில் தனசேகரனுக்கு எதிரே போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ரோசம்மா.

"தனசேகரா, புதுச் சுவரு போட்டு, பெட்டியை மறுபடி மாட்டணும். கீழேர்ந்து எத்தனை கை வேணும்?"

தனசேகரன் எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு கணம் யோசித்தான். "எட்டு, மொதலாளி."

ரோசம்மா புருஷனின் வாயையே பார்த்தாள். அது பழக்கத்தில் லேசாகத் திறந்தது. பிறகு மூடிக்கொண்டது.

"சரி," என்றார் ஆம்ப்ரோஸ்.

தனசேகரனின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. காலையில் சுவரைக் கண்டபோதுகூட அவன் முகம் இப்படிப் போகவில்லை.

"மொதலாளி, பேரம் பேசலியா?"

"இல்ல."

"அது… நீங்க எப்படியும் பாதியாக் குறைப்பீங்கன்னு எட்டுன்னு சொன்னேன். உள்ளபடி நாலுதான் வேணும். அன்னைக்குச் சொன்ன அதே நாலு."

"எட்டே போடு."

"எதுக்கு மொதலாளி? நாலு கை பெட்டியைத் தாங்கிடும்."

"நாலு பெட்டிக்கு," என்றார் ஆம்ப்ரோஸ். "மிச்ச நாலு அந்த நீல ஸ்டூல்ல உக்கார்ற தங்கச்சிக்கு."

எந்த ஸ்டூல் என்று தனசேகரனுக்கு விளங்கவில்லை. ரோசம்மா மட்டும் பிரியாணிச் சட்டியை இழுத்து, கேட்காமலே இரண்டு பேருக்கும் இன்னொரு கரண்டி வைத்தாள்.