மூன்று தரம் திறந்த போறணை

கிறகரி யாரையும் நம்பமாட்டார். ஐஸ் கொண்டுவருபவன் பெட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். வேதக் கோயிலுக்குப் போனால் செருப்பை வாசலில் விடமாட்டார். பேப்பரில் சுற்றி உள்ளே கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூசை காண்பார். எழுபத்திரண்டு வயதில் கடல் தொழிலை விட்டுவிட்டாலும், பேசாலைக் கரையில் எவனாவது மீனை நிறுத்தால் பின்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்று தராசு முள்ளைப் பார்க்காமல் வரமாட்டார். "நான் உள்ளதை முகத்துக்கு நேரே சொல்லுறவன்" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த வாய்தான் இந்த நத்தாருக்கு, கிறிஸ்மஸ் நெருங்கி வந்த நேரத்தில், மூன்று நாள் அடைத்துப்போய்க் கிடந்தது.

மகள் நிறஞ்சலாவின் வீட்டில்தான் அவர் இருக்கிறார். மருமகன் றொகானுக்குக் கட்டாரில் வேலை. நிறஞ்சலா நண்டுச் சதை எடுக்கும் இடத்துக்கு விடியப் போனால் பொழுது சாயத்தான் வருவாள். விரல் நுனியெல்லாம் ஓடு கிழித்த கோடு. பேத்தி ஜெசிக்காவுக்கு ஒன்பது வயது. நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்து முதல் ஞாயிற்றில் இருந்து அவள் ஒரே பாட்டு: "அம்மா, நட்சத்திர வெளிச்சக்கூடு எப்ப செய்யிறது?" நிறஞ்சலாவும் ஒரே பதில்: "வாற ஞாயிறு." மூன்று ஞாயிறு அப்படியே போனது. கடைசியில் நத்தாருக்கு ஐந்து நாள் இருக்க, செவ்வாய்க்கிழமை அவளுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. அந்த ஒரு நாளில் கேக்கும் அடிக்கவேண்டும், நட்சத்திரமும் கட்டவேண்டும்.

குசினியில் பெரிய பேசினை மடியில் வைத்துக்கொண்டு நிறஞ்சலா மரக்கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தாள். றொகானின் கூட்டாளி ஒருவன் லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்த உண்மையான பட்டர், வீட்டுக் கோழியின் பத்து முட்டை. அந்த முட்டைகளைக் காகத்துக்கும் நாய்க்கும் அயல்வீட்டுக் கைக்கும் தப்பவைத்துச் சேர்த்தவர் கிறகரி. முன்னறையில் ஜெசிக்கா பனை மட்டைச் சிலாகைகளோடும், கோதுமை மாப் பசையோடும், மெல்லிய சிவப்பு ரிசு பேப்பரோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இந்த மூலை நிக்குதில்லை. ஒருக்கா வாங்கோவன்."

"பேக்கிங் பவுடர் போட்டிட்டன் பிள்ளை. இனி வைச்சுக்கொண்டிருந்தால் கேக் எழும்பாது."

"ஒரேயொரு நிமிசம், அம்மா. பசை காயுது."

நிறஞ்சலா தட்டில் மாவை ஊற்றி, மேலே கஜூ முந்திரிப் பாதிகளை வைத்துவிட்டுப் போனாள். ஒரு நிமிசம் இருபது நிமிசமானது. மூலை நின்றது, மற்ற மூலை சரிந்தது, தாயின் மூக்கில் பசை ஒட்டியது, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பைக் கேட்டுக் கனகாலம். கிறகரி தட்டைத் துணியால் மூடிச் சைக்கிள் கரியரில் கட்டினார்.

"நீங்கள் கட்டுங்கோ. கேக்கை நான் கொண்டுபோறன்."

தாவூதின் பேக்கரிப் போறணையில்தான் அந்தத் தெருவின் நத்தார்க் கேக் எல்லாம் வேகும். தாவூது எருக்கலம்பிட்டி ஆள்; 'சொல்லு' என்பது அவர் வாயில் 'செல்லு' என்றுதான் வரும். விடியப் பாண் எடுத்து முடிந்தபின் செங்கல்லில் மிஞ்சி நிற்கும் சூட்டில், மார்கழி மாதம் முழுக்க, வீடுகளின் தட்டுகளை உள்ளே தள்ளி எடுத்துக் கொடுப்பார். இதற்கென்று அவர் ஒன்றும் வாங்குவதில்லை. அதுதான் கிறகரிக்குப் பிடிபடவில்லை. சும்மா செய்கிறவன் எங்கேயோ எடுக்கிறான் என்பது அவருடைய கணக்கு.

தட்டுகள் மாறாமல் இருக்க ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கஜூ அடையாளம் உண்டு. அயல்வீட்டு றஞ்சிதத்தின் தட்டில் நடுவில் ஒன்று. நிறஞ்சலாவின் தட்டில் நாலு பாதி, சிலுவை மாதிரி.

"எத்தினை தட்டு உள்ளுக்கு?" என்று கிறகரி கேட்டார்.

"ஏழு, அண்ணன். உங்கடது கடைசியா வந்தது, கதவுப் பக்கமா கிடக்குது."

"எங்கடது பட்டர் போட்டது. மற்றதெல்லாம் மாஜரின்."

"ஓம், வாசமே செல்லுதே."

"ஒருக்காத் திற, பாப்பம்."

"இப்பத் திறக்கப்படாது. முக்கால் மணித்தியாலம் போகட்டும். இரிங்க, தேத்தண்ணி குடிங்க."

"மறைக்க ஒண்டுமில்லையெண்டால் திறக்கிறதுக்கு என்ன?"

தாவூது அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரும்புக் கதவைத் திறந்து மூடினார். பத்து நிமிசத்தில் கிறகரி திரும்பவும் கேட்டார். தாவூது திரும்பவும் திறந்தார். இந்த முறை கதவு மூடிய சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது.

மூன்றாம் தரம் தாவூது முன்பக்கம் பாண் கொடுக்கப் போயிருந்தார். உள்ளே இருட்டில் கஜூ சரியாகத் தெரியாதது கிறகரிக்கு அரித்துக்கொண்டேயிருந்தது. நீளக் கம்புப் பலகையைத் தானே எடுத்தார். கதவைத் திறந்து தங்கள் தட்டைப் போறணை வாய்க்கு இழுத்தார். நாலு கஜூப் பாதியும் இருந்தன. கேக் நடுவில் குடம்போல் பொங்கி அழகாக நின்றது. திருப்தியோடு உள்ளே தள்ளினார். தள்ளிய வேகத்தில் தட்டு பக்கச் சுவரில் 'டொங்' என்று முட்டியது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அந்தப் பொங்கிய நடு மூச்சு விட்டதுபோல் மெல்ல இறங்கியது.

கதவை மூடிப் பலகையைச் சாத்திவைத்தார். திரும்பி வந்த தாவூது சாத்தியிருந்த பலகையைப் பார்த்தார். அது அவர் வைக்கும் பக்கம் இல்லை. தட்டுகளை எடுத்தபோது ஆறு கேக் எழும்பியிருந்தது. ஏழாவதன் நடுவில் குழி.

"அண்ணன், இது…"

"என்ன?"

"ஒண்டுமில்லை" என்றார் தாவூது.

வீட்டில் நிறஞ்சலா துணியை விலக்கிக் குழியில் விரலை வைத்தாள். விரலில் பச்சை மா ஒட்டியது.

"றஞ்சிதமக்காட எப்பிடி வந்தது?"

"அது… நல்லா வந்தது."

"அப்ப என்ர பிழைதான். மாவை ஊத்தி வைச்சிட்டு நட்சத்திரத்துக்குப் போனன்." கதவடியில் கையெல்லாம் பசையோடு நின்ற ஜெசிக்காவை அவள் திரும்பிப் பார்த்தாள். "எத்தினை தரம் சொன்னனான் உனக்கு, பிறகு செய்வமெண்டு. உன்ர நட்சத்திரத்தால கேக் போச்சு. இப்பச் சந்தோசமோ?"

கிறகரி வாயைத் திறந்தார். "போறணைச் சூடும் ஒருவேளை…"

"போறணை எல்லாருக்கும் ஒண்டுதானே, அப்பா."

உண்மைதான். அவர் கிணற்றடிக்குப் போய்த் தேவையில்லாமல் நாலு வாளி தண்ணீர் அள்ளினார். சொல்லியிருக்கலாம். ஒரு வசனம். ஊரில் யார் எதை மறைத்தாலும் கிளறி எடுக்கிறவருக்குத் தன்னுடைய ஒரு வசனத்தைக் கிளறி எடுக்க முடியவில்லை. நாளைக்குச் சொல்லுவம் என்று நினைத்தார். நாளைக்கு அது இன்னும் பெருத்துப்போகும் என்று அப்போது தெரியவில்லை.

பின்னேரம் ஜெசிக்கா மூன்று மூலை கட்டிய நட்சத்திரத்தை அலுமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டாள். நிறஞ்சலா வெந்தும் வேகாத கேக்கைக் கோழிகளுக்குப் போட்டாள். கோழிகள் தங்கள் முட்டையைத் தாங்களே கொத்தித் தின்றன. கிறகரிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"இனி இந்த வேலையள் எனக்குச் சரிவராது" என்றாள் நிறஞ்சலா. "வேலைக்கும் போய், பிள்ளையோடும் இருந்து, கேக்கும் அடிச்சு… கடையில வாங்குவம்."

ஜெசிக்கா கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைந்தாள். அன்றிலிருந்து அவள் தாயைக் கூப்பிடவில்லை. சட்டைப் பொத்தான் எட்டாவிட்டாலும் கிறகரியிடம் வந்து முதுகைக் காட்டினாள். அவர் பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றித் திரும்பப் போட்டார்.

புதன்கிழமை அவர் பேக்கரிக்குப் போனார். பாண் வாங்க என்றுதான் சொன்னார். தாவூது யாரிடமாவது சொல்லிவிட்டாரா என்று பார்க்கத்தான் போனார். அங்கே றஞ்சிதம் நின்றாள்.

"என்ன மாமா, மகளுக்கு இந்தமுறை கை பிசகிப்போச்சாம். பட்டர் பட்டரெண்டு தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிஞ்சியள்."

கிறகரி தாவூதின் வாயைப் பார்த்தார். தாவூது பாணைப் பேப்பரில் சுற்றி நூல் கட்டினார். றஞ்சிதம் போனபிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் செல்லமாட்டன், அண்ணன்."

"எதை?"

"எதையும். அது நீங்க செல்லவேண்டிய சாமான்."

வழியெல்லாம் கிறகரிக்கு அது கசந்தது. அந்த மனிதன் சொல்லிவிட்டிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம். இவ்வளவு காலமும் கள்ளன்போல் பார்த்த ஆளிடம் இப்போது கடமைப்பட்டு நிற்கவேண்டியதாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் நத்தாருக்கு முந்தின பாவசங்கீர்த்தனம். பாவங்களைக் கேட்கும் குருவான சுவாமியிடம் எப்படிச் சொல்வது என்று கிறகரி தயார்படுத்தி வைத்திருந்தார். 'கவனக்குறைவாய் இருந்தன், சுவாமி' என்றால் போதும். மூன்று பரலோக மந்திரம் செபிக்கச் சொல்லி அபராதம் கிடைக்கும். சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

வரிசையில் அவருக்கு முன்னால் ஜெசிக்கா. கையில் கொப்பித்தாள் துண்டு ஒன்று. அதைப் பார்த்து உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தாள். கிறகரிக்கு உடனே சந்தேகம் வந்தது. இவளுக்குத் தெரிஞ்சு போச்சு. என்னைப் பற்றித்தான் சுவாமியிடம் சொல்லப்போகிறாள். கையை நீட்டித் தாளைப் பறித்தார்.

"அம்மப்பா, அது பாக்கப்படாது. என்ர பாவம்."

அவர் படித்தது மூன்றாம் வகுப்புத்தான். எழுத்துக்கூட்டித்தான் வாசித்தார். 'பென்சில் எடுத்தது. பூசையில் கதைச்சது. அம்மாட கேக்கைப் பழுதாக்கினது.' இரண்டு தரம் வாசித்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். அவருடைய பெயர் எங்கேயும் இல்லை.

"கடைசியை வெட்டு" என்றார்.

"ஏலாது. அதுதான் பெரிசு. பெரிசை மறைச்சால் மற்றதும் போகாதெண்டு சிஸ்டர் சொன்னவ."

"அது உன்ர இல்லைப் பிள்ளை."

"பின்ன ஆரின்ர?"

முன்னால் இருந்தவர் எழுந்து உள்ளே போனார். அடுத்தது ஜெசிக்கா. இன்னும் இரண்டு நிமிசத்தில் ஒன்பது வயதுப் பிள்ளை முழங்காலில் நின்று அவர் செய்ததைத் தான் செய்ததாகச் சொல்லும். சுவாமி கை உயர்த்தி மன்னிப்பார். அதற்குப் பிறகு கிறகரி எதைக் கொண்டுபோய் அங்கே வைப்பது?

"என்ர" என்றார். மெதுவாகத்தான் சொல்ல நினைத்தார். கடலில் பக்கத்து வள்ளத்துக்குக் கத்திப் பழகிய தொண்டை. வரிசை முழுக்கத் திரும்பியது. "நான்தான் போறணையைத் திறந்தனான். மூண்டு தரம். தட்டையும் இழுத்து இடிச்சனான். கேக் அதாலதான் இறங்கினது. உன்ர நட்சத்திரத்தால இல்லை."

ஜெசிக்கா அவரையே பார்த்தாள். பிறகு தாளை வாங்கி, பென்சிலால் கடைசி வரியை அழுத்தி அழுத்தி வெட்டினாள். பென்சிலை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்கள் எழுதுங்கோ."

"எனக்கு எழுதத் தேவையில்லை. மறக்காது."

வேலையால் நேரே வந்திருந்த நிறஞ்சலா கோயில் வாசலில் சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். கிறகரி வரிசையை விட்டு விலகிப் போய், வெளியே மணலில் வைத்து, அதே வசனங்களைத் திரும்பச் சொன்னார். இந்தமுறை குரல் எழும்பவில்லை. பக்கத்தில் றஞ்சிதம் நின்றாள், நிற்கட்டும் என்று விட்டார்.

நிறஞ்சலா சால்வை நுனியை விரலில் சுற்றினாள்.

"மூண்டு நாள், அப்பா."

"ஓம்."

"அவள் என்ர முகத்தைப் பாக்கேல்ல. நீங்கள் அதைப் பாத்துக்கொண்டு என்ர கையால சாப்பிட்டனீங்கள்."

"ஓம்."

"கேக் போனால் போகட்டும்." அவள் கண்ணைத் துடைத்தாள். "நானும் திறமில்லை. பழியை ஆரில போடலாமெண்டு பாத்துப் பிள்ளையில போட்டிட்டன்."

ஜெசிக்கா பாவசங்கீர்த்தனம் முடித்து வெளியே வந்தாள். நிறஞ்சலா மணலில் குந்தியிருந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று கேட்கக் கிறகரிக்கு ஆசையாக இருந்தது. இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

சனிக்கிழமை நத்தாருக்கு முந்தின நாள். நிறஞ்சலாவுக்கு அரைநாள் வேலை. பட்டர் முடிந்துவிட்டது. மாஜரின்தான், ஆறு முட்டைதான், சின்னத் தட்டுத்தான். அலுமாரிக்குப் பின்னால் இருந்து நட்சத்திரம் வெளியே வந்தது. முதலில் நட்சத்திரத்தைக் கட்டி முடித்தார்கள். அதன் பிறகுதான் நிறஞ்சலா பேசினைத் தொட்டாள். கஜூ இரண்டு பாதிதான் மிஞ்சியிருந்தது. வைத்துத் துணியால் மூடினாள்.

"ஜெசி கொண்டுபோகட்டும். நீங்கள் சைக்கிளைப் பிடியுங்கோ" என்றாள். அவரைப் பார்த்துச் சொல்லவில்லை.

பேக்கரி வாசலில் ஜெசிக்கா தட்டோடு உள்ளே போனாள். கிறகரி றோட்டோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் தாவூதிடம் ஒன்று சொல்லவேண்டியிருந்தது. தாவூது வாசலுக்கு வந்தபோது சொன்னார்: "அண்டைக்கு உன்னைக் கள்ளனெண்டு நினைச்சனான்."

"தெரியும்" என்றார் தாவூது. "முப்பது வருசமா நினைக்கிறீங்க. வாங்க, உள்ளுக்கு வந்து பாருங்க. திறந்து காட்டுறன்."

"வேண்டாம்."

"தேத்தண்ணி?"

"இஞ்ச கொண்டுவந்து தா."

போறணைக் கதவு மூடும் சத்தம் கேட்டது. முக்கால் மணித்தியாலம். கிறகரி பேக்கரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடல் பக்கம் பார்த்து நின்றார். இருக்கிறது இரண்டு கஜூ, அதில் ஒன்றை எடுத்தால் ஆருக்குத் தெரியும் என்று ஒரு எண்ணம் வந்தது. அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது. கொஞ்சநேரத்தில் திரும்பவும் வந்தது. சைக்கிள் கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல் நின்றார்.