கூட்ட வேண்டிய இரண்டு டிகிரி

நாலாவது முளை அஞ்சம்மாள் வீட்டு வாசற்படியில் விழுந்தது. பெரியதம்பி முளையைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்கவா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"அடிங்க, என்னாத்த பாக்கறீங்க?" என்றேன்.

1986 சித்திரை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு உயர் அழுத்த மின்கம்பி இழுக்கும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனியில் நான் சர்வேயர். மயிலம் தாண்டி ஓர் ஊரில், ஏரி மதகிலிருந்து கம்பி போகும் பாதைக்கு முளை அடித்துக்கொண்டு வந்தேன். பெரியதம்பி அந்த ஊர் விவசாயி, எனக்குக் கொடிக்கம்பு பிடிக்க வந்திருந்தார். நாலு மணிக்கு இன்ஜினியர் கோதண்டபாணி ஜீப்பில் வருவார். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பிரம்மதேவனே வந்தாலும் பாதையை மாற்ற முடியாது. கம்பிக்கு அடியில் வீடு இருக்கக் கூடாது என்பது சட்டம். அஞ்சம்மாளின் வீட்டை இடித்துவிடுவார்கள்.

கூலி வேலைக்குப் போகிற அம்மா. புருஷன் இல்லை. புதுச் செங்கல் சுவர், மேலே ஓடு, கதவுக்கு இன்னும் சாயம்கூடப் பூசவில்லை.

"எந்த வூட்டு மேலயும் போவாதுன்னு உங்க கம்பெனிக்காரங்கதான சார் சொன்னாங்க? மேப்புல பாத்துட்டுதான சொன்னாங்க?"

"மேப்பு எனக்குத் தெரியும்மா. எட்டு வருசமா இதான் என் பொழப்பு. போயி வேலையப் பாரு."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். கத்திவிட்டு மேப்பை விரித்துப் பார்த்தேன். மேப்பில் அந்தக் கோட்டின் மேல் வீடே கிடையாது. மணி மூன்று. பெரியதம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதகுக்கு மிதித்தேன்.

மதகில் நின்றால் மயிலம் கோயில் கோபுரம் தெரியும். மேப்பிலும் இரண்டும் இருந்தன. கோணமானியை வைத்து அளந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி. காம்பஸில் பார்த்தேன். இருநூற்றுப் பதினாலு சொச்சம்.

அட முட்டாளே! தலையில் அடித்துக்கொண்டேன். காம்பஸ் முள் நேர் வடக்கில் நிற்பதில்லை, எங்கள் பக்கம் இரண்டு டிகிரி சொச்சம் மேற்கே சாய்ந்து நிற்கும். மேப்போ நேர் வடக்கை வைத்துப் போட்டது. வயலில் அளந்ததை மேப்பில் ஏற்றும்போது அந்த இரண்டைக் கழிக்க வேண்டும். எட்டு வருஷமும் நான் செய்தது அதைத்தான். மேப்பில் போட்ட கோட்டை வயலில் இறக்குவது எனக்கு இதுதான் முதல் தடவை. அதற்குக் கூட்ட வேண்டும். கைப்பழக்கத்தில் கழித்துத் தொலைத்திருந்தேன். ஆக நாலு டிகிரிக்கு மேல் தப்பு. ஒன்றேகால் கிலோமீட்டர் போவதற்குள் அது நூறு மீட்டராகி ஒரு வீட்டின் மேல் ஏறிவிட்டது.

திரும்பி வந்து இறங்கியபோது மூச்சு வாங்கியது. "யம்மா, உன் வூடு தப்பிச்சுது. தப்பு என்னுது. கோடு நூறு மீட்டர் கிழக்க போவணும்."

அஞ்சம்மாள் படியிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். "அப்பாடா" என்று சிரித்த பெரியதம்பி, கிழக்கே திரும்பிப் பார்த்ததும் அப்படியே நின்றார்.

"கிழக்க என் தென்னந்தோப்பு சார்."

கம்பிக்கு அடியில் தென்னையும் நிற்கக் கூடாது.

"ரெண்டு வரிசை போயிடும். ஆறு வருசம் சார்! இப்பதான் பாளை வுட்டுக்கினு இருக்குது." என் பக்கத்தில் வந்து குரலை இறக்கினார். "இன்ஜினியரு முளையத்தான பாப்பாரு? நீங்க வாயத் தொறக்கலன்னா உங்க வேலைக்கும் பேஜாரு இல்ல. அஞ்சம்மாவுக்கு என் கொல்லையிலயே மூணு சென்ட் தர்றேன். கொட்டாய் போட்டுக்கினு இருக்கட்டும்."

பொய் சொல்வானேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. வேலை போனால் வீட்டில் நாலு வாய் பட்டினி. அஞ்சம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அது எனக்குத் தாங்கவில்லை. ஏரிக்கரையில் ஜீப்பின் புழுதி கிளம்பியது. குனிந்து படியிலிருந்த முளையைப் பிடுங்கி எறிந்தேன்.

கோதண்டபாணி இறங்கியதும் சொல்லிவிட்டேன். "எட்டு வருஷ சர்வீஸ்! கூட்டல் கழித்தல் தெரியாதாய்யா உனக்கு? நாளைக்கு ஆபீசுக்கு வா, பேசிக்கறேன். இப்ப சரியான கோட்டைக் காட்டு" என்று குதித்தார்.

"கம்பைப் புடிங்க" என்றேன் பெரியதம்பியிடம்.

"என் மரத்த வெட்டறதுக்கு நானே கம்பு புடிக்கணுமா?" கொடிக்கம்பைத் தரையில் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

அஞ்சம்மாள் எழுந்து வந்து அதை எடுத்தார். "நான் புடிக்கறேன் சார்."

கிழக்கே நூறு மீட்டர் சங்கிலி இழுத்து, திருத்திய டிகிரியில் காம்பஸை நிறுத்தினேன். அவர் தோப்புக்குள் போய் நின்றார். வலது கையை நீட்டினேன், நகர்ந்தார். இன்னும் நீட்டினேன், இன்னும் நகர்ந்தார். காம்பஸ் சட்டத்தில் கட்டிய முடியும் கொடியும் ஒரே நேரில் வந்ததும் கையைக் கீழே இறக்கினேன். இனி அவர் கம்பை ஊன்ற வேண்டியதுதான். ஊன்றவில்லை. பக்கத்து மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஊனுங்கம்மா!" என்று கத்தினேன்.

"சார்" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார். "இந்த வரிசைக்கு மூணு கோடையும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனது நான்தான் சார்."

பிறகு ஊன்றினார்.