சேவலின் கொண்டை

1

"என் கொண்டைய வெட்டிட்டா நான் எந்த மூஞ்சியோட வேலைக்குப் போவேன்?"

"வெட்டலைன்னா அச்சோடயே போ!"

இந்தக் கதை எனக்குச் சமையலறைச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று நினைக்காதீர்கள். காது தற்செயலாகச் சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

கத்தியவன் நடன கிளப்பில் வாசல் காப்பவன். இரு பக்கமும் மழித்த தலையில், நடுவே ஒரு சாண் உயரத்துக்குப் பச்சை முடி. பெயரே 'சேவல்'. பதிலுக்குக் கத்தியவள் பக்கத்து வீட்டுச் சிற்பி. ஆணி பதித்த பூட்ஸ், கிழிந்த காலுறை, மூக்குச் சங்கிலி என்று கிளப் கூட்டத்தையே சிலையாக்கிக்கொண்டிருந்தாள். நாலு நாளில் கண்காட்சி. கடைசிச் சிலை சேவல்.

2

('உடலுக்கும் கலைக்குமான உறவு தொன்மையானது' என்றுதான் தொடங்கினேன். எனக்கே கொட்டாவி வந்தது.)

ஆள்மேல் பிளாஸ்டர் பூசி அச்செடுக்கும் முன், ஒட்டாமலிருக்க வாஸ்லைன் களிம்பு தடவ வேண்டும். முகமெங்கும் தடவியவள் கொண்டைக்கு மறந்து...

இல்லை. மறக்கவில்லை. தடவினால் விறைப்பு போய்விடுமென்று வேண்டுமென்றேதான் விட்டாள். நல்லவளாக எழுதிப் பார்த்தேன், அவள் ஒத்துழைக்கவில்லை.

முகத்து அச்சு அழகாகக் கழன்றது. கொண்டை அச்சு அசையவில்லை.

3

பார்லர் வைத்திருக்கும் சிற்பியின் அக்கா கத்தரியோடு வந்தாள்.

"நீங்களாவது கேளுங்க. மூணு வருஷம் வளர்த்தது. இது இல்லாம போனா கிளப்ல என்னையே உள்ள விடமாட்டாங்க."

"சின்ன வயசுல என் பொம்மைக்கெல்லாம் மொட்டை அடிச்சவ அவ. அவகிட்டயா தலைய நீட்டுன?"

கறுக், கறுக். பிறகு மூன்று பேரும் பேசவில்லை. (சுவரில் கோளாறோ என்று தட்டிக்கூடப் பார்த்தேன்.)

வெட்டிய முடி சிக்கியிருந்த அச்சிலேயே சிலையை வார்த்து, அச்சை உடைத்தபோது, சிலையின் தலையில் நிஜ முடியே பச்சையாக நின்றது. அவள் செய்ததிலேயே அதுதான் உயிருள்ளது. மொட்டைச் சேவலைப் பார்த்து, அவன் பயந்தபடியே, கிளப் முதலாளி யாரென்று கேட்டார்.

கண்காட்சியன்று காலை அவள் சிலையைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கிளப் வாசலில் இறக்கினாள்.

"பக்கத்துல நில்லுடா. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா யாருன்னு புரியும்."

சேவலின் வேலை தப்பியது. கண்காட்சியில் அந்தச் சிலையின் வெற்றுப் பீடத்தைப் பார்த்து ஒரு விமர்சகர் அரை மணி நேரம் தலையாட்டினாராம்.

4

சேவலும் சிற்பியும் காதலிக்க... (ஆசைதான். அடித்துவிட்டேன்.)

முளைத்த முடியைச் சீர்செய்ய வாரந்தோறும் பார்லருக்குப் போனவன், அக்காவையே கட்டிக்கொண்டான். கொண்டை பழைய உயரத்துக்கு வந்த மாதம், சிற்பி வேறு ஊருக்குப் பெயர்ந்தாள். சிலையை எடுத்துப் போனாளா, அக்கா புருஷனுக்கே விட்டுப் போனாளா? லாரி கிளம்பிய நேரத்தில், நான் பல் டாக்டரிடம் வாயைப் பிளந்தபடி கிடந்தேன். இந்தத் தெருவில் நான் கோட்டைவிட்ட ஒரே சங்கதி இது. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள், முடித்ததும் எனக்கும் சொல்லுங்கள்.