தறியின் அந்த ஓரம்

சோபியா ஊடைநூல் சுற்றிய நாடாவைத் தறியில் எறிந்துவிட்டு, எதிர்ப்பக்கத்துக் கரை நாடா வரக் காத்திருந்தாள். கோர்வைச் சேலைக்கு உடல் தனி, கரை தனி. ஒருத்தர் கை இரண்டு ஓரமும் எட்டாது. பாதி மூடிய கண்ணுக்குள் ஒரு சின்ன விரல் சிவப்பு நாடாவைத் தள்ளியது. கண்ணைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சாவித்திரியின் கை.

"இன்னாடி, தூங்கிகினே நெய்யிற?"

"இல்லக்கா."

முன்பெல்லாம் அந்த ஓரத்தில் எட்டு வயது மகள் நான்சிதான் உட்காருவாள். முதலில் விளையாட்டாக. பிறகு, சேலை முடிக்கும் அவசரத்தில், சில காலைகள் பள்ளிக்கூடம் போகாமல். மகளின் கைநேர்த்தியில் பூரித்து, சோபியாவே படம் எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தறி வீடுகளில் அது பெருமை. அவளைப் பிரிந்து செய்யாரில் கம்பெனி வேலையிலிருந்த கணவன் சார்லி, பிள்ளையை வேலை வாங்குகிறாள் என்று அந்தப் படத்தைத்தான் கோர்ட்டில் கொடுத்தான். பிள்ளை அப்பாவிடம் இருக்கட்டும், சனிக்கிழமைகளில் கோர்ட்டு வளாகத்தில் அம்மா பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

முதல் சனிக்கிழமை நான்சி கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "நான் நாடா தள்ளுனதாலதான் உங்கிட்டருந்து கூட்டிகினு போயிட்டாங்களாம்மா?"

அதன் பிறகு சோபியா போகவில்லை. பார்க்காமலிருந்தால் பிள்ளை அந்தக் கேள்வியை மறந்துவிடும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். போகாமலிருப்பது பிள்ளைக்காகவா, தனக்காகவா என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

"எத்தினி நாளு இப்பிடி பேஜார் புடிச்சி உக்காந்துகினு இருப்ப?" என்றாள் சாவித்திரி. "ஸ்கூலாண்ட போ. புள்ளைய ஜல்தியா தூக்கிகினு படவேட்ல எங்கண்ணன் வூட்டுக்குப் போயிடு. பெத்தவள எவன் கேப்பான்?"

மறுநாள் சோபியா செய்யார் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். பையில் நான்சியின் கவுன் ஒன்று. பேருந்து கிளம்பவில்லை, அவள் மனம் கிளம்பிவிட்டது. ஜன்னலில் படவேட்டு மலை நீலமாய் வந்தது. மடியில் நான்சி தூங்கினாள். முடியில் வெயில் வாசனை. பிறகு அந்த நான்சி கண் விழித்து, அம்மாவைப் பார்த்து, மெல்லத் தன் கைகளை மறைத்துக்கொண்டாள்.

சோபியா இறங்கிவிட்டாள். கால்கள் அவளைக் கோர்ட்டுக்கு, இலவச சட்ட உதவி மையத்துக்குக் கொண்டுபோயின.

வக்கீல் ராதிகா எல்லாவற்றையும் கேட்டாள். "நல்லவேளை எறங்குனீங்க. தூக்கிகினு போயிருந்தா உத்தரவ மீறுனதா ஆயிருக்கும். சனிக்கிழம பாக்கறதும் போயிருக்கும். இதுவரைக்கும் எத்தன தடவ போய்ப் பாத்தீங்க?"

சோபியா தலை குனிந்தாள். "ஒரு தடவ."

"அம்மாவுக்கே அக்கற இல்லன்னு நாளைக்குச் சொல்லுவாங்க."

"அதான் தீர்ப்பே சொல்லிட்டாங்களே, மேடம்."

"கொழந்த விஷயத்துல எந்தத் தீர்ப்பும் கடைசி இல்லம்மா. மேல அப்பீல் போகலாம். அதுக்குக் கெடு உண்டு. தாண்டியிருந்தா காரணம் சொல்லிக் கேக்கணும். நெலம மாறியிருந்தா, இதே கோர்ட்லயே உத்தரவ மாத்தச் சொல்லி மனு போடலாம். பொம்பளைங்களுக்கு இங்க வக்கீல் செலவு கெடையாது. சரி, தறியில அந்தப் பக்கம் இப்ப யாரு?"

"சாவித்திரிக்கா."

"நான்சி திரும்பி வந்துட்டா?"

சோபியா நிமிர்ந்தாள். "அப்பவும் சாவித்திரிக்காதான்."

"இத மனுவுல எழுதுவோம். ஜெயிக்கிறது கோர்ட்டு கையில. சனிக்கிழம வர்றது உங்க கையில."

அந்தச் சனிக்கிழமையும் நான்சியின் கைகள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன. சோபியா அவற்றை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. ஸ்கூலுக்குப் போற புள்ளைய தறியில உக்கார வெச்சது அம்மா தப்பு. கோர்ட்லயே அத சொல்லப்போறேன்."

நான்சி வெகுநேரம் அவளையே பார்த்தாள். "அடுத்த வாரமும் வருவியா?"

"எல்லா வாரமும்."

திங்கட்கிழமை தறியில் சாவித்திரி கேட்டாள், "புள்ள கெடைக்குமாடி?"

"தெரியலக்கா. கோர்ட்டு எங்கிட்டருந்து எடுத்தது பாதிதான். போய்ப் பாக்காம உக்காந்து மீதிய நானே குடுத்துகினு இருந்தேன். தோத்துட்டோம்னு வூட்ல அழுதுகினு இருக்கவும் கூடாது, பெத்த புள்ளைய திருடவும் கூடாது. சட்டத்துல வழி வெச்சிருக்காங்க. நேரா போயி கேட்டுகினே இருக்கணும்."

சாவித்திரி கரை நாடாவை இந்தப் பக்கம் தள்ளினாள்.